வரைபடத்தின் ஓரத்தில் இரண்டு ஆண்டுகள்

இன்று பார்த்த பழைய நில அளவை வரைபடத்தின் கீழ் ஓரத்தில், பொடி எழுத்தில் இரண்டு ஆண்டுகள். ஒன்று அளந்த ஆண்டு, மற்றது அச்சிட்ட ஆண்டு.

குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு அளந்த ஆண்டுதான் முக்கியம். தாத்தாவின் தெரு அதில் இல்லையென்றால், அளந்தபோது அந்தத் தெருவே வராமல் இருந்திருக்கலாம்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்து, மங்கச் செய்து ஒப்பிடலாம். இலவசம்தான்.

அப்புறம் எல்லைக்கோடு. ஊர் இப்போது எந்த மாவட்டம் என்பதைவிட, தாத்தா பிறந்தபோது எதில் இருந்தது என்று பாருங்கள், ஏனென்றால் பதிவுகள் பெரும்பாலும் அந்தப் பழைய மாவட்டத்தின் தலைநகரிலோ அதன் ஆவணக் காப்பகத்திலோதான் கிடக்கும்.

பத்திரம் கிடைத்தால் நான்கு எல்லை விவரத்தை விடாமல் படியுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் பல சமயம் உறவினராகவே இருப்பார்.