ஆர்பிஓ ஜீன் ப்ராஜெக்ட் எடுக்கறவங்களுக்கு: கரும்பையும் மஞ்சளையும் சேர்த்துப் போடுங்க

எம்எஸ்சி கடைசி செமஸ்டர்ல குளோரோபிளாஸ்ட்ல (இலையோட பச்சைய உறுப்பு) இருக்கற ஆர்என்ஏ பாலிமரேஸ் ஜீன்களை, அதாவது டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதற என்சைமோட ஆர்பிஓ ஜீன்களைச் செடிக்குச் செடி கம்பேர் பண்ணித்தான் ப்ராஜெக்ட் முடிச்சேனுங்க. கோயமுத்தூர், ஈரோடு பக்கம் ஜூனியர்ஸ் இதே டாபிக் எடுக்கறோம்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதறேன்.

ஜீன் நாலுதான், ஆர்பிஓ ஏ, பி, சி1, சி2. பி, சி1, சி2 மூணும் ஒரே ஆப்பரான்ல (ஒண்ணா சேர்ந்து படிக்கப்படற ஜீன் கூட்டம்) வரிசையா நிக்கும், ஏ மட்டும் தள்ளி ரைபோசோம் புரோட்டீன் ஜீன்களோட இருக்கும். இது எந்த புக்லயும் கிடைக்கும், விடுங்க.

பாதி வேலையே ஸ்பீசிஸ் செலக்ஷன்ல இருக்குது. புகையிலை கண்டிப்பா வேணும், 1986லயே முழு குளோரோபிளாஸ்ட் ஜீனோம் வந்த செடி அது, அதுல ஆர்பிஓ பி ஜீனை எடுத்துட்டா செடி வெள்ளையா வருதுன்னு 1996லயே காட்டிட்டாங்க. அதோட நெல்லு, லேப்ல வழக்கமா வெச்சுப் பார்க்கற அரபிடாப்சிஸ் செடின்னு போட்டு நிறுத்திடாதீங்க, நம்ம காட்டுல வெளையற கரும்பு, மஞ்சள், தென்னை, பருத்தி எல்லாத்துக்கும் ஜென்பேங்க்ல (எல்லாருக்கும் திறந்த டிஎன்ஏ டேட்டாபேஸ்) முழு குளோரோபிளாஸ்ட் சீக்வன்ஸ் இருக்குதுங்க. எதுக்குச் சொல்றேன்னா, கரும்பு, மஞ்சள், தென்னை மூணுமே ஒருவித்திலைதான், ஆனா ஆர்பிஓ சி1 எடுத்துப் பாருங்க, மஞ்சள்லயும் தென்னையிலயும் பருத்தி மாதிரியே நடுவுல ஒரு இன்ட்ரான் (புரோட்டீனா மாறாம வெட்டி எடுக்கப்படற துண்டு) இருக்கும், கரும்புல இருக்காது. நெல்லு, மக்காச்சோளத்துலயும் இருக்காது. நெல்லையும் புகையிலையையும் மட்டும் வெச்சுப் பார்த்தவங்க ஒருவித்திலைக்கு இன்ட்ரான் இல்லைன்னு எழுதிருவாங்க, அது தப்பு, கரும்பு, நெல்லு, மக்காச்சோளம் எல்லாம் இருக்கற புல் குடும்பம்தான் அதை இழந்துச்சு. எனக்கு வைவால மொதல் கேள்வியே இதுதான் வந்துச்சு, மஞ்சள் டேட்டா கையில இருந்ததால தைரியமா பதில் சொன்னேன்.

ஆர்பிஓ சி2 அலைன்மென்ட் (எல்லாச் செடி சீக்வன்ஸையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நேர்படுத்தி வெச்சது) தெறந்ததும் ஒரு எடம் கண்ணுல படும், புல் வகைங்களோட வரியில எழுத்து நீளமா ஓடிட்டே இருக்கும், மத்த செடிங்க எல்லாம் அந்த எடத்துல வெறும் கோடு கோடாத்தான் இருக்கும். மோசமான சீக்வன்ஸ்னு நெனச்சு வெட்டி எறிஞ்சுடாதீங்க, புல் குடும்பத்துல நெசமாவே அங்க ஒரு துண்டு சேர்ந்திருக்குது. டிஎன்/டிஎஸ் (அமினோ ஆசிடை மாத்தற மாற்றத்துக்கும் மாத்தாத மாற்றத்துக்கும் உள்ள விகிதம்) கணக்கு போடும்போது மட்டும் அந்தப் பகுதியை ஒதுக்கி வெச்சுட்டு, ரிசல்ட்ல தனியா எழுதுங்க, படமும் போடுங்க.

அலைன்மென்ட்டை டிஎன்ஏவுல நேரடியா பண்ணாதீங்க. புரோட்டீனா மாத்தி மாஃப்ட்ங்கற சாஃப்ட்வேர்ல அலைன் பண்ணி அப்புறம் கோடானுக்குத் (மூணு மூணா வர்ற டிஎன்ஏ எழுத்து) திருப்புங்க, ஜெனடிக் கோடு டேபிள் 11 (பாக்டீரியா, குளோரோபிளாஸ்ட்டுக்கானது). ஜென்பேங்க் அனோட்டேஷனையும் (ஜீன் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு போட்ட குறிப்பு) அப்படியே நம்பிடாதீங்க, இன்ட்ரான் எல்லை ஒவ்வொரு ரெக்கார்டுல ஒவ்வொரு மாதிரி குறிச்சிருப்பாங்க, புகையிலையோட ஒப்பிட்டுச் சரிபாருங்க. ஆர்என்ஏ எடிட்டிங் வேற இருக்குதுங்க, டிஎன்ஏல சி-ன்னு இருக்கறது ஆர்என்ஏல யு ஆயிரும், அதனால ஒரே ஒரு அமினோ ஆசிட் வித்தியாசத்தை வெச்சுப் பெரிய முடிவுக்குப் போயிடாதீங்க.

டைம் இருந்தா எபிஃபேகஸ்னு ஒரு ஒட்டுண்ணிச் செடியையும் சேருங்க. அதுல வேலை செய்யற ஆர்பிஓ ஜீன் ஒண்ணுகூட கெடையாது. சீக்வன்ஸ் தேடும்போது ஹிட் வரலைன்னு பதறாம டேபிள்ல இல்லைன்னே போடுங்க, நியூக்ளியஸ் ஜீன்ல இருந்து வந்து குளோரோபிளாஸ்ட்ல வேலை செய்யற இன்னொரு பாலிமரேஸ் பத்தி டிஸ்கஷன்ல ஒரு பாரா எழுத அதுவே போதுமுங்க.