பெயர் தெரியும், நம்பர் தெரியாது

வெளியூர் போன் அழைப்புகளைக் கையால் இணைத்துக் கொடுக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்தவள் நான். அதனால்தானோ என்னவோ, 1928இல் அமெரிக்காவில் வந்த ‘லோன்சம்’ படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. கதாநாயகி மேரியும் ஆபரேட்டர். இணைப்புகள் கொடுக்கும் போர்டு முன்னால் உட்கார்ந்து கார்டை, அதாவது இணைப்பு வயரை, செருகுகிறாள், பிடுங்குகிறாள். அவளைச் சுற்றிப் பேசுகிறவர்களின் முகங்கள் மிதக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கடிகாரம். எங்களுக்கும் கடிகாரம்தான் எஜமான். “மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசுறீங்களா?” என்று ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! அழுதுகொண்டிருக்கும் அம்மாவிடமும் கேட்டாக வேண்டும்.

இயக்குநர் பால் ஃபெயோஷ் ஹங்கேரிக்காரர், மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். தனிமையை ஒரு நோய் போலத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

அரை நாள் வேலை முடிந்து, மேரி நியூயார்க்கின் கோனி ஐலண்டுக்குத் தனியாகப் போகிறாள். ஃபேக்டரியில் பிரஸ் மெஷின் ஓட்டும் ஜிம்மும் தனியாக வருகிறான். கடற்கரையில் பேச்சு, இருட்டியதும் கேளிக்கைப் பூங்கா. கறுப்பு வெள்ளைப் படத்தில் அங்கே விளக்குகளுக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள். பேசும் படம் வந்த புதிது என்பதால் நடுவில் சில வசனக் காட்சிகளையும் சேர்த்திருக்கிறார்கள். குரல்களோடே வாழ்ந்த எனக்குக்கூட அந்தப் பேச்சு ஒட்டவில்லை. வாய் பேசாத இடங்களில்தான் அவர்கள் நெருங்குகிறார்கள்.

அப்புறம் ரோலர் கோஸ்டர். இருவரும் வேறு வேறு வண்டியில் ஏறுகிறார்கள். அவள் வண்டியின் சக்கரத்தில் தீப்பிடிக்கிறது; அவள் மயங்கிவிடுகிறாள். அவளிடம் ஓடப் பார்த்தவனைப் போலீஸ் பிடித்துக்கொள்கிறது. வெளியே வந்தால் கூட்டம், மழை. தேடுவதற்குக் கையில் ஒரு சின்ன போட்டோவும் வெறும் பெயரும்தான்.

எங்கள் வேலையில் பி.பி. கால் என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் இணைப்போம். அதற்கும் ஊரும் நம்பரும் வேண்டும். பெயரை மட்டும் சொல்லி, “எப்படியாவது பிடிச்சுக் கொடும்மா” என்று கெஞ்சியவர்களுக்கு என்னால் ஒன்றுமே செய்ய முடிந்ததில்லை. மழையில் ஓடும் ஜிம்மைப் பார்த்தபோது அந்தக் குரல்கள்தான் காதில் கேட்டன.

கடைசியில் அவன் அறைக்குத் திரும்பி ‘ஆல்வேஸ்’ பாட்டு ரெக்கார்டைப் போடுகிறான். பக்கத்து அறையிலிருந்து யாரோ பொறுக்கமுடியாமல் சுவரைத் தட்டுகிறார்கள். போய்ப் பார்த்தால் மேரி! இத்தனை நாளும் ஒரே சுவருக்கு இரு பக்கமும் இருந்திருக்கிறார்கள்.

எனக்கும் அப்படி ஒருத்தி உண்டு. திருச்சி போர்டில் ராத்திரி ஷிஃப்டில் வருவாள். லைன் சும்மா இருக்கும்போது, “சாப்டீங்களா அக்கா?” என்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியார் சண்டை எல்லாம் சொல்வாள். ஆபரேட்டர் இல்லாமல் நேரே வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்.டி.டி. பரவியதும் போர்டில் வேலை குறைந்தது. என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். கடைசி ராத்திரி, “சரிக்கா, கால் வருது” என்று கார்டைப் பிடுங்கினாள். முகம் பார்த்ததில்லை. இன்றைக்கு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலும், அவள் வாயைத் திறந்தால்தான் தெரியும்.