டிரங்குப் பெட்டி நூலில் சித்திக்கு ஒரு சால்வை

அப்பா குன்னூர் பக்கத்து அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில்தான் அம்மா குரோஷாவில், அதாவது முனையில் கொக்கி வைத்த ஒற்றை ஊசியில், உல்லன் பின்னக் கற்றுக்கொண்டாள். குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தாராம். அந்த வரிசையில் குழந்தை பிறந்த வீட்டுக்கெல்லாம் அம்மா பின்னிய தொப்பியும் சாக்ஸும் போயிருக்கின்றன. அப்பா ஓய்வு பெற்று மதுரைக்கு வந்தபோது மிச்ச நூலெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் கூடவே வந்தது.

இப்போது அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது, ஊசி பிடிக்க முடிவதில்லை. போன ஏப்ரலில் பெட்டியை என் முன்னால் நகர்த்தி வைத்தாள். "இதத் தூக்கியும் போட்றாத, சும்மாவும் வைக்காத. ஒன் சித்தி இன்னும் அந்தக் குன்னூர்க் குளிர்லதான கெடக்கா" என்றாள்.

பெட்டிக்குள் பத்தொன்பது உருண்டைகள் இருந்தன. எல்லாமே குழந்தைத் துணிக்கான மெல்லிய நூல். ஒன்று 12 கிராம், ஒன்று 40 கிராம் என்று சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வைத்தேன். எதுவும் தனியாக ஒரு சால்வைக்குப் போதாது. நாலு உருண்டைகளில் அந்துப்பூச்சி அரித்து நூல் துண்டு துண்டாக இருந்தது. பூச்சி அரிக்கிறதென்றால் அது அசல் ஆட்டுக் கம்பளி. அக்ரிலிக் என்ற செயற்கை நூலை அது தொடாது. சந்தேகம் தீரட்டும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கிள்ளித் தீக்குச்சியில் காட்டினேன். கம்பளி முடி கருகிய வாடையோடு எரிந்து பொடியாக உதிர்ந்தது, அக்ரிலிக் உருகிக் கடினமான மணியாக நின்றது. அந்த நாலையும் ஒதுக்கிவிட்டேன். கம்பளி வெந்நீர் பட்டால் சுருங்கி இறுகிவிடும், பக்கத்தில் இருக்கிற அக்ரிலிக் சுருங்காது. முதல் துவைப்பிலேயே சால்வை கோணிக்கொண்டு நிற்கும். மீதி பதினைந்து உருண்டைகள், 345 கிராம்.

மெல்லிய நூலை அப்படியே போட்டால் சால்வை முடிய வருஷமாகும், குன்னூர்க் குளிருக்கும் அது போதாது. அதனால் மூன்று நூலைச் சேர்த்துப் பிடித்துப் போட முடிவு செய்தேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் அதே கனத்தில் சாம்பல் நிற நூல் 200 கிராம் வாங்கினேன். மூன்றில் ஒன்று கடைசிவரை இந்தச் சாம்பல், மற்ற இரண்டும் பெட்டி நூல். பெட்டியில் ரோஸ், வெளிர் மஞ்சள், பச்சை, ஆகாய நீலம், மெரூன் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நிறங்கள். சாம்பல் ஓர் இழை ஊடே ஓடினால் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடுகின்றன. இது நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது.

ஊசி தேர்வில் அவசரப்படாதீர்கள். இந்த நூலைத் தனியாகப் போட 3 மி.மீ. ஊசி போதும். மூன்று சேர்த்ததற்கு முதலில் 5 மி.மீ. ஊசியில் ஒரு சின்னச் சதுரம் போட்டுப் பார்த்தேன், கால்மிதி போல விறைப்பாக நின்றது. 6.5-க்கு மாறியதும் துணி தோளில் வழிந்து விழுந்தது. சால்வைக்கு அந்த வழிதல்தான் உயிர்.

கழுத்துப் பக்கம் ஒரு சின்ன வளையத்தில் தொடங்கும் முக்கோணம் இது. மூன்று மூன்று டபுளாக (ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிப் போடும் உயரமான கண்ணிதான் டபுள்) கொத்துக் கொத்தாகப் போட்டு, நடுவில் ஒரு மூலை திருப்பி, இரண்டு ஓரத்திலும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட நீளம். அதனால் நூல் செலவும் ஏறிக்கொண்டே போகும். எனக்குப் பத்தாவது வரிசைக்கு 6 கிராம் ஆனது. கடைசியான 37-வது வரிசைக்கு 24 கிராம். 26-வது வரிசை முடிந்ததும் நிறுத்துப் பார்த்தால் 227 கிராம். வரிசைக் கணக்கில் பத்தில் ஏழு பங்கு தாண்டியாகிவிட்டது, நூல் கணக்கில் அப்போதுதான் பாதி. இது தெரியாமல் "பாதி நூல் தீர்ந்தது, பாதி அளவு வந்திருக்கும்" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கீழ்ப்பக்க வரிசை ஒவ்வொன்றுக்கும் இழைக்கு 8 கிராம் வேண்டும் என்பதால் 40 கிராம் உருண்டைகளைக் கடைசிக்கு வைத்து, 12 கிராம் குட்டிகளைத் தொடக்கத்திலேயே முடித்தேன்.

நிறம் மாற்றுவதற்கு ஒரே சட்டம்: ஒரு சமயத்தில் ஓர் இழைதான் மாற வேண்டும். ரோஸும் மஞ்சளும் ஓடிக்கொண்டிருந்தால் ரோஸ் போய்ப் பச்சை வரும், மஞ்சள் இருக்கும். அது தீர்ந்து நீலம் வரும்போது பச்சை இருக்கும். இப்படிப் போனால் நிறம் எந்த இடத்தில் மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. 19-வது வரிசையில் இரண்டும் ஒன்றாகத் தீர, இரண்டையும் ஒன்றாக மாற்றினேன். மூன்று வரிசை போட்டுச் சுவரில் மாட்டிப் பார்த்தபோது கோடு கிழித்தது போலத் தெரிந்தது. மூன்றையும் பிரித்தேன். பிரிக்கும்போது இழைகளைத் தனித்தனியாக்கப் பார்க்காதீர்கள், சிக்கலாகிவிடும். மூன்றையும் சேர்த்தே ஒரே உருண்டையாகச் சுற்றிவிட்டு அப்படியே திரும்பப் போடுங்கள்.

புது இழை சேர்க்க முடிச்சும் வேண்டாம். பழையது தீரக் கொஞ்சம் இருக்கும்போதே புதியதைக் கூட வைத்து நாலைந்து டபுள் நான்கு இழையாகப் போட்டால் போதும். அந்த இடம் துளி கனமாக இருப்பது யாருக்கும் தெரியாது. ஒற்றை இழையில் இந்தச் சலுகை கிடைக்காது.

உருண்டைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் இருக்க டிபன் கேரியர் அடுக்குகள் மூன்றைக் கழற்றி, ஆளுக்கொன்றாக உட்கார வைத்தேன். ஒரு வரிசை முடிந்து திருப்பும்போது துணியை வலப்பக்கமாகத் திருப்பினால் அடுத்த முறை இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் திருப்பினால் மூன்று நூலும் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். அப்புறம், ஊசி சில சமயம் இரண்டு இழையை மட்டும் பிடித்து ஒன்றை விட்டுவிடும். விட்டது பின்னால் காது போல நீட்டிக்கொண்டிருக்கும். நான் ஒவ்வொரு கொத்துக்கும் பின்பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன். நேரம் எடுக்கும், ஆனால் சித்தியின் வளையலில் மாட்டி இழுபடுவதைவிட அது தேவலை.

மே மாத மதுரையில் மடியில் உல்லன். மாடி வீட்டு அக்கா "இந்த வேகாத வெயில்ல இதென்ன வேலை?" என்று கேட்டார். 2016-இல் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற குழுவினர் 11,000 சதுர மீட்டருக்கு மேல் குரோஷாப் போர்வை இணைத்துக் கின்னஸ் சாதனை செய்ததைச் சொன்னேன். மறுநாள் அவரே ஊசி கேட்டு இறங்கி வந்தார். மடியில் பருத்தித் துண்டு விரித்துக்கொண்டேன், விடிகாலை ஐந்திலிருந்து ஏழு வரைதான் கையில் எடுத்தேன். வியர்வைக் கையில் அக்ரிலிக் ஓடாது.

அம்மா எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு கதை சொல்வாள். இந்த மஞ்சள் கேன்டீன்காரர் பேத்தி தொப்பி. இந்த மெரூன் அப்பாவுக்கு ஆரம்பித்துக் கழுத்தோடு நின்ற மஃப்ளர். ஆகாய நீலம் வந்தபோது கையை நீட்டி வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, "இது நீ" என்று திருப்பிக் கொடுத்தாள்.

முடித்ததும் குளிர்ந்த நீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி, நிழலில் கட்டிலின் மேல் பரப்பிக் காய வைத்தேன். கொடியில் போட்டால் ஈரக் கனத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வரக்கூடாது, அக்ரிலிக் உருகித் தட்டையாகிவிடும். நுனிக்கு நுனி 190 செ.மீ., நடுவில் 95. எடை 460 கிராம்.

நவம்பரில் கூரியரில் அனுப்பினேன். சித்தி போன் செய்து, வாக்கிங் போகும்போது இரண்டு நுனியையும் பின்னால் முடிந்துகொள்ள நீளம் சரியாக இருக்கிறது என்றாள். பெட்டி நூலில் மிச்சம் 38 கிராம். அம்மா அதைத் தூக்கிப் போட விடவில்லை. ஒதுக்கி வைத்த கம்பளி நாலோடு சேர்த்து, இரண்டு கற்பூர வில்லையும் வைத்து, பெட்டியை மறுபடி மூடச் சொல்லிவிட்டாள்.