பாமினிக்கு ஒரு சாவி

கிளிநொச்சியில், ஏ9 வீதியோரம் தட்டச்சு வேலை செய்கிறேன். அக்கராயன், பூநகரிப் பக்கமிருந்து காணிக் கடிதம் அடிக்க வருகிறவர்கள்தான் அதிகம். கடிதம் பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துச் சாவிகளை அழுத்தத் தமிழ் எழுத்து விழும் ஃபொன்டில். பழைய அடையாள அட்டை எண்ணிலோ 9 இலக்கங்களுக்குப் பிறகு பெரும்பாலும் ஆங்கில ‘வி’ வரும். ஃபொன்ட் மாற்றாமல் அடித்தால் அது ‘ஏ’ என்று விழும். அது கண்ணில் படாமல் போனால் அந்த ஐயா திரும்பவும் பஸ் ஏறி வரவேண்டும். அதை நினைத்தாலே மனம் கேட்காது.

இப்போது ஃபொன்ட் மாற்ற வேர்டிலேயே குறுக்குச் சாவி வைத்துவிட்டேன். ஃபைல், ஒப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன். அதன் அடியில் கீபோர்ட் ஷோர்ட்கட்ஸ், பக்கத்தில் கஸ்டமைஸ் பட்டன். இடப்பக்கப் பட்டியலைக் கீழே வரை இழுத்தால் ஃபொன்ட்ஸ் என்று இருக்கும் (பலர் அதுவரை போவதில்லை). பாமினியைத் தெரிவுசெய்து, கொன்ட்ரோல், ஆல்ட், ‘பி’ (B) மூன்றையும் சேர்த்து அழுத்தி, அசைன். டைம்ஸ் நியூ ரோமனுக்கு கொன்ட்ரோல், ஆல்ட், ‘ரி’ (T). அது ஏற்கனவே ட்ரேட்மார்க் குறிக்கு உரியது என்று வேர்ட் காட்டும். காணிக் கடிதத்தில் அந்தக் குறி எதற்கு? எடுத்துக்கொண்டேன்.

அப்புறம், இவை வேர்டின் அடிப்படை மாதிரிக் கோப்பான நோர்மல் டெம்ப்ளேட்டில்தான் சேமிக்கப்படும். கணினியை ஃபோர்மட் பண்ணுமுன் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

கடையில் பழகும் தங்கச்சி நேற்று ஒரு முழுக் கடிதத்தை மௌஸைத் தொடாமல் அடித்து முடித்தாள். “அண்ணா, தலைப்புக்கும் ஒண்டு வைப்பமா?” என்று கேட்டாள். இன்று பின்னேரம் வைக்கிறோம்.