லாகூர் லாட்ஜ் மாதிரி: ஒருவழியாகத் தரை முடிந்தது

கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நேராக வந்துவிட்டன! ‘ஜங்கிள் புக்’ எழுதிய கிப்ளிங், ஃப்ரீமேசன் என்னும் சகோதர அமைப்பில் லாகூரில் சேர்ந்த ‘ஹோப் அண்ட் பெர்சிவரன்ஸ்’ லாட்ஜின் (கிளையின்; எண் 782) உட்கூடத்தை 1:24 அளவில் செய்துவருகிறேன். சுவர்கள் மளமளவென எழும்பின. நாற்காலிகள் மூன்றும் தயார்: கிழக்கே தலைவருக்கு, மேற்கிலும் தெற்கிலும் அவருக்கு அடுத்த நிலையிலுள்ள வார்டன்களுக்கு. தரைதான் உயிரை வாங்கியது.

மாஸ்கிங் டேப்பை நம்பவே நம்பாதீர்கள். ஓரத்தை வெள்ளையால் அடைத்துவிட்டுக் கறுப்பைப் பூசினாலும், நான்கு கட்டங்கள் சந்திக்கும் மூலையில் மயிரிழையாகக் கசிகிறது. தள்ளி நின்றால் தெரியாதாம், எனக்குத் தெரிகிறதே! கடைசியில் சதுரங்கப் பலகை செய்யும் தச்சர்களின் வழியைப் பிடித்தேன். 12.7 மி.மீ. பட்டைகளை நிறம் மாற்றி மாற்றி ஒட்டி, காய்ந்ததும் அதே அகலத்தில் குறுக்கே வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டால் கட்டம் தானாக விழும். பட்டைகள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு பட்டைக்கு 0.2 மி.மீ. கூடினாலும் இருபதாவது வரிசைக்குள் 4 மி.மீ. ஓடிவிடும். ஆகவே ஸ்கேலைத் தூக்கி வையுங்கள். பித்தளைத் துண்டு ஒன்றைத் தடையாகப் பொருத்தி, அதில் முட்டவைத்தே வெட்டுங்கள். பட்டைகளுக்கான பிளாஸ்டிக் தகடு சென்னைப் பாரிமுனையிலேயே கிடைக்கிறது. இணையத்தில் வாங்கினால் அஞ்சல் செலவு கண்ணைக் கட்டுகிறது.

தரைக்கு ஏன் இத்தனை மெனக்கெடல்? அந்தக் கூடத்தில் வேறு பகட்டே கிடையாது. பழைய, வெறுமையான இடம் என்று கிப்ளிங்கே பாடியிருக்கிறார். 1849இல் பஞ்சாப் ஆங்கிலேயர் வசமான பிறகு, பட்டாளத்தின் பின்னாலேயே ஃப்ரீமேசன் லாட்ஜுகளும் அங்கே வந்தன. 1886 ஏப்ரலில் கிப்ளிங்கைச் சேர்த்தபோது அவருக்கு வயது இருபது. விதிப்படி இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும். நல்ல செயலாளர் கிடைப்பார் என்று விதியைத் தளர்த்தினார்கள். டிசம்பரில் தாம் ஃப்ரீமேசன் உறுப்பினர் நிலையின் மூன்றாம் படிக்கு உயர்ந்த கூட்டத்தின் குறிப்பைத் தாமே எழுதினார் மனிதர். அவர் கவிதையில் ரயில்வேக்காரர், பார்சி, யூதர், சீக்கியர் எல்லாரும் சகோதரர்களாகக் கூடுகிறார்கள். விருந்து மட்டும் இல்லை, சாதி கெட்டுவிடுமாம்! எனக்குச் சாப்பாட்டு மேசை செய்யும் வேலை மிச்சம்.

அடுத்தது திரைச்சீலைகள். லாகூர் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த கிப்ளிங்கின் தந்தை லாக்வுட்டின் யோசனைப்படி, சாலமன் ஆலய முறையில் வெற்றுச் சுவர்களில் தொங்கவிட்டவை. விவிலியம் சொல்லும் நீலம், ஊதா, சிவப்பு மூன்றையும் எடுத்துவைத்திருக்கிறேன். பட்டு இந்த அளவில் மடியாமல் விறைக்கிறது. மல்துணியை நீர்த்த பசையில் நனைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்குள் லாகூர் மால் சாலையில் 1914இல் எழுந்த ஃப்ரீமேசன் மாளிகையின் முகப்பையும் வரையத் தொடங்கிவிட்டேன். 1972இல் பாகிஸ்தானில் ஃப்ரீமேசன் அமைப்பு தடைசெய்யப்பட்ட பிறகு அரசு எடுத்துக்கொண்டு, பின்னாளில் பஞ்சாப் முதலமைச்சர் அலுவலகமாக்கிய கட்டடம் அது. தூண்களுக்குப் பி.வி.சி. குழாயா, மரக்கழியா என்பதில்தான் இப்போது இழுபறி.