என் முகத்தைப் பார்க்காத குழந்தை

மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு வரும் கணிதப் பயிற்சித்தாள்கள், கட்டைகள், செயலிகள் இவற்றைப் பார்த்து, பயன்படுமா படாதா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அதற்கு முன்பு ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் மேசையில் வைத்தே முடித்துவிடுவேன். கையில் ஒரு படிவம் இருக்கும். பாடத்திட்டத்தோடு பொருந்துகிறதா, படங்கள் தெளிவா, அச்சில் பிழை உண்டா, எளிதில் தொடங்கிப் படிப்படியாகப் போகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் முடிவு வந்துவிடும்.

அப்படி நான் நிறைய மதிப்பெண் கொடுத்த கூட்டல் தாள் ஒன்றைப் பிள்ளைகள் செய்வதை ஒரு வகுப்பில் பார்க்க நேர்ந்தது. இடப்பக்கம் கணக்கு, வலப்பக்கம் விடை. கோடு போட்டு இணைக்க வேண்டும். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி மடமடவென்று இணைத்து முடித்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை. "எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம் போட்டே?" என்று கேட்டேன். பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். "இது பச்சை, இதுவும் பச்சை. இது மஞ்சள், இதுவும் மஞ்சள், டீச்சர்." கணக்கு இருந்த கட்டத்துக்கும் அதன் விடைக் கட்டத்துக்கும் ஒரே நிறம் அடித்திருந்தார்கள். அவள் எண்களைப் படிக்கவே இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிய எனக்கு அது தெரியாமல் போயிற்று. விடை தெரிந்தவள் நிறத்தைத் துணைக்குத் தேட மாட்டாள். தெரியாத குழந்தைதான் தேடும். அன்றோடு, குழந்தையின் பக்கத்தில் உட்காராமல் எதற்கும் மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டேன்.

பக்கத்தில் உட்கார ஆரம்பித்த பிறகு கவனித்தது ஒன்று. விடை எழுதி முடித்ததும் குழந்தையின் கண் எங்கே போகிறது? பெரும்பாலும் என் முகத்துக்கு. என் புருவம் கொஞ்சம் ஏறினால் போதும், எழுதியதை அழித்துவிட்டு வேறு எண் போடும். சரியான விடையையும் அழிக்கும். செயலியாக இருந்தால் திரையின் மூலையில் நட்சத்திரம் வருகிறதா என்று பார்க்கும். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: சரியா தப்பா என்பதை வேறு யாரோ சொல்ல வேண்டும்.

குயிசனேர் கட்டைகளோடு ஆறு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்ததைச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் குயிசனேர் என்ற பெல்ஜிய ஆசிரியர் உருவாக்கியவை அவை. ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை பத்து நீளங்கள், நீளத்துக்கு ஒரு நிறம். எண் எதுவும் பொறித்திருக்காது. அவன் 3-க்கான இளம்பச்சையையும் 4-க்கான ஊதாவையும் முட்ட வைத்து, இரண்டும் சேர்ந்தால் 8 என்று நினைத்து, பக்கத்தில் பழுப்பை வைத்தான். ஆள்காட்டி விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனான். கடைசியில் விரல் இறங்கிற்று. "இங்க பள்ளமா இருக்கு." வெள்ளைக் கட்டை ஒன்றை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தான். சரியாகப் பொருந்திற்று. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். வெள்ளையை எடுத்தான், பழுப்பையும் எடுத்தான், 7-க்கான கறுப்பை வைத்தான். மறுபடி விரல் போயிற்று. இந்தத் தடவை இறங்கவில்லை. நான் அங்கே இருப்பதே அவனுக்கு நினைவில்லை.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, தப்பைப் பொருளே காட்ட வேண்டும் என்ற இந்த எண்ணத்தோடுதான் தன் பொருள்களை அமைத்தார். எண்ணும் கம்புப் பெட்டியில் 0 முதல் 9 வரை பத்து அறைகள், மரக் கம்புகள் சரியாக 45. ஒவ்வொரு அறையிலும் அதன் எண் அளவுக்குக் கம்புகளை எண்ணிப் போட வேண்டும். வழியில் எங்காவது ஒன்று கூடிப்போனால் 9-ஆம் அறைக்கு வரும்போது குறையும். தப்பைப் பெட்டியே சொல்லிவிடுகிறது, யாரும் அதட்ட வேண்டியதில்லை. பூஜ்ஜிய அறையைக் காலியாக விட்டுவிட்டுப் போகும் அந்த ஒரு கணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

எண்ணிப் பழகும் புத்தகங்களில் நான் பார்ப்பது வேறு. ஒரு குழந்தை ஆறு பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி முடிக்கிறது. "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. உளவியலாளர்கள் ரோஷல் கெல்மனும் காலிஸ்டலும் 1978-இல் எண்ணுவதன் அடிப்படைகளாக ஐந்தைச் சொன்னார்கள்; இது அவற்றில் ஒன்று. தொடத் தொட எண்ணைச் சொல்லும் செயலிகள் பல, ஆறு என்றதும் அடுத்த படத்துக்குத் தாவிவிடுகின்றன. அந்த "மொத்தம்" என்ற கேள்விக்கு நேரமே விடுவதில்லை. படங்கள் எப்போதும் நேர்வரிசையில் நிற்கின்றனவா என்றும் பார்ப்பேன். சிதறிக் கிடப்பதை எண்ணும்போதுதான் எதை எண்ணினோம், எது மிச்சம் என்று குழந்தை யோசிக்க வேண்டியிருக்கும்.

வேறு மொழியிலிருந்து தமிழாக்கி வரும் தாள்களில் ஒரு சிக்கல் உண்டு. பதினொன்று, பன்னிரண்டு என்று நம் சொற்களே பத்தையும் மீதியையும் உள்ளே வைத்திருக்கின்றன. அதைச் சுட்டிக்காட்டாமல் பத்துப் பக்கம் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். நம் பிள்ளைகள் உண்மையில் திணறுவது தொண்ணூறில். எண்பதுக்குப் பிறகு நூறு என்று காதில் விழும் ஒரு சொல் ஏன் வருகிறது என்று அவர்களுக்குக் குழப்பம். அதற்கு அரைப் பக்கம்கூட இருப்பதில்லை.

சமக்குறியைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுத்தேன். எட்டு வயதுச் சிறுமி கட்டத்துக்குள் 12 என்று எழுதினாள். "அப்ப இந்த 5?" "அது சும்மா இருக்கு, டீச்சர்." மூன்று வருடமாக அவள் செய்த தாள்களில் எல்லாம் சமக்குறிக்குப் பிறகு ஒரு காலிக் கட்டம்தான். "விடையை இங்கே எழுது" என்பதே அவளுக்கு அந்தக் குறியின் பொருள். தராசு ஒன்றை எடுத்து ஒரு தட்டில் எட்டும் நான்கும், மறு தட்டில் ஐந்துமாக ஒரே எடையுள்ள வில்லைகளை வைத்தோம். அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். ஏழாவது வில்லையில் முள் நடுவில் நின்றது. அவள் பார்த்தது முள்ளை. அதற்குப் பிறகு எந்தப் பயிற்சிப் புத்தகம் வந்தாலும் 7 = □ + 3 போன்ற ஒரு வரியாவது இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன். முக்கோணம் எப்போதும் அடிப்பக்கம் படுக்கையாகவே நிற்கிறதா என்பதும் அதே மாதிரி. தலைகீழாகத் திருப்பினால் "இது முக்கோணம் இல்லை" என்கிறார்கள்.

விலை கூடிய பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1 முதல் 10 வரை வரிசையாகக் கட்டம் போட்ட தாளில் காய் நகர்த்தும் விளையாட்டை, இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, முறைக்குப் பதினைந்து நிமிடம் விளையாடிய மழலையர், எண்களின் அளவைப் புரிந்துகொள்வதில் முன்னேறினார்கள் என்று ஆய்வாளர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-இல் காட்டினார்கள். எண்ணுக்குப் பதில் நிறங்கள் மட்டும் இருந்த கட்டங்களில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. காய் 4-இல் நிற்கும்போது 2 விழுந்தால் "ஒன்று, இரண்டு" என்று நகர்த்தாமல் "ஐந்து, ஆறு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். இதைக் கூட விளையாடும் பெரியவர்களுக்கு நான் எழுதியே கொடுப்பேன்.

சமீபத்தில் ஒரு அம்மா கைப்பேசியில் மூன்று செயலிகளைக் காட்டி, "இதுல எதை வச்சுக்கலாம், மேடம்?" என்று கேட்டார். பையனுக்கு ஐந்து வயது. ஒலியை நிறுத்திவிட்டுச் செய்யச் சொன்னேன். இருந்த மூன்று விடைகளையும் வரிசையாக அழுத்தினான். எது சரி என்று திரை சத்தம் போடவில்லை. அம்மாவைப் பார்த்தான், பிறகு என்னை.

ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, பத்துக் கட்டம் போட்ட அட்டையையும் கொஞ்சம் பொத்தான்களையும் அவன் முன்னால் வைத்தேன். "எட்டு வை, பார்க்கலாம்." மேல் வரிசையை நிரப்பினான். கீழே மூன்று வைத்தான். காலியாக இருந்த இரண்டு கட்டங்களையும் விரலால் தொட்டான். ஒரு பொத்தானை எடுத்தான், திரும்ப அங்கேயே வைத்தான்.

"சரியா இருக்கா, மேடம்?" என்றார் அம்மா.

அவன் தலை நிமிரவில்லை. "இரும்மா, எண்ணிக்கிட்டிருக்கேன்."