மட்கும் மூடி எங்கே மட்கும்?

கல்யாண மண்டபத்திலிருந்து உரக்கூடத்துக்கு வரும் லோடில் பாக்குமட்டைத் தட்டு, கரும்புச்சக்கைத் தட்டு, பேப்பர் டம்ளர், கண்ணாடி மாதிரியான ஜூஸ் மூடி எல்லாம் கலந்து கிடக்கும். வாங்கியவர்கள் கணக்கில் எல்லாமே மட்கும் சரக்குதான்.

சக்கையும் மட்டையும் மட்கும், சந்தேகமில்லை. அடுக்கு கலையாமல் தொட்டியில் விழுந்தால்தான் வம்பு. நடுத்தட்டுகளுக்குத் தண்ணீரும் போகாது, காற்றும் போகாது. ஒரு மாதம் கழித்துக் கிளறினால் மேல்தட்டு கறுத்து உதிரும். உள்ளே இருப்பது கடையில் வாங்கியபடியே வெளுப்பாக இருக்கும். இரண்டு அங்குலத் துண்டாகக் கிழித்து, ஓர் இரவு ஊறவைத்துப் போட வேண்டும். சக்கையில் கார்பன் அதிகம், நைட்ரஜன் சொற்பம். காய்கறிக் கழிவும் சாணிக் கரைசலும் தாராளமாகச் சேராவிட்டால் குவியல் சூடே ஏறாது. கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், ஒழுகக் கூடாது.

மூடி வேறு கதை. மக்காச்சோள மாவிலிருந்தோ கரும்புச் சர்க்கரையிலிருந்தோ செய்யும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் அது, சில பேப்பர் டம்ளர்களின் உள்பூச்சும் அதுவே. மட்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 17088. அதன் சோதனை ஏறக்குறைய 58 டிகிரியில் நடக்கிறது. 12 வாரத்தில் 90 சதவீதம் சிதைந்து 2 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டும். முழுதாக மட்க 180 நாள் வரை அவகாசம் உண்டு. வார்டுத் தொட்டியிலோ 55 டிகிரியைத் தாண்டுவது நடுப்பகுதியில் சில நாள் மட்டும். ஓரத்தில் சூடு நிற்காது. மாதம் ஒன்றரையில் தொட்டியைக் காலிசெய்தாக வேண்டும், அடுத்த லோடு வாசலில் நிற்கும். சான்றிதழும் பொய்யில்லை, தொட்டியும் பழுதில்லை, கணக்குதான் ஒத்துவரவில்லை.

பயோகேஸ் கலனுக்குத் தள்ளினாலும் இதே பாடுதான்: உள்ளே 35, 40 டிகிரிதான். பைகளாக இருந்தால் கலக்கியில் சுற்றிக்கொள்ளும். பழைய பாட்டில்களோடு சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பினால் இன்னும் மோசம். பெட் (பாட்டில் பிளாஸ்டிக்) சில்லுகளை உலர்த்தும் சூட்டிலேயே பி.எல்.ஏ. இளகிப் பிசினாக ஒட்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தண்ணீரில் போட்டாலும் இரண்டுமே மூழ்கும்.

ஆகவே தூய்மைப் பணியாளர்கள் பிளாஸ்டிக் போலத் தெரிவதையெல்லாம் முதலிலேயே பொறுக்கிவிடுகிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. உரம் 4 மி.மீ. சல்லடையில் இறங்கினால்தான் விலைபோகும். தப்பி உள்ளே போன மூடிகள் அந்தச் சல்லடையின் மேல் விளிம்பு மடங்காமல் நிற்கும். மிச்சக் குப்பையோடு மூட்டை கட்டினால், பெரும்பாலும் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும்.